கொன்ட்ரோல் வீட்டுக் கோழிகள்

தங்கச்சி நீட்டிய கோப்பைக்குள் கையை விட்டு அந்தக் கடதாசித் துண்டை எடுத்தவள் நான்தான். யாரும் எனக்காக எடுக்கவில்லை. விரித்துப் பார்த்தேன். 'கொ' என்று எழுதியிருந்தது. எனக்குப் பிறகு மதினி எடுத்தார். அவருடையதில் 'சி'.

"சி எண்டா செவப்பு. ஒங்கட கோழிக்குத்தான் மதினி செவப்புத் தீன்," என்றாள் தங்கச்சி.

"அப்ப கொ எண்டா?" என்று கேட்டேன்.

"கொன்ட்ரோல், ராத்தா. ஒங்கட கோழிக்கும் அதே தீன்தான், செவப்பு மட்டும் இல்ல. ஒங்கடயோட ஒப்பிட்டுத்தான் மத்ததப் பாக்கிற. நீங்கதான் இதில முக்கியம்."

வீட்டுக்கு மூத்த பெண்ணாகப் பிறந்தவளிடம் 'நீதான் முக்கியம்' என்று சொல்லிக் கையில் கொடுக்கப்படுவது எதுவும் நல்ல பங்காக இருப்பதில்லை. எனக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டு துண்டை மடித்து வைத்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் நாலு பேர் துண்டு எடுத்தார்கள். அவர்களுக்கு எது வந்தது என்று நான் பார்க்கவேயில்லை. மதினிக்குச் சிவப்பு வந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

கல்முனைக்குடியில் எங்கள் வீடும் மதினியின் வீடும் ஒரே தகர வேலியின் இரண்டு பக்கங்கள். மதினி என் கணவரின் மூத்த சகோதரி. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் மாப்பிள்ளை வந்த தூரம் ஒரு வேலி. அதனாலேயே அவர் முழுதாக வந்து சேரவில்லை என்ற குறை எனக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்தே உண்டு. சுபஹுத் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்புகிறவர் முதல் தேநீரை அந்தப் பக்கம் குடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவார். தாயில்லாத வீட்டில் அவரை வளர்த்தது மதினிதான். அதைச் சொல்லிக் காட்டும் பழக்கம் மதினிக்கு இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் முட்டைக்கோழி வளர்த்தோம். எரிபொருளுக்கும் கேஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் தீன் விலை ஏறியபோது பலர் கோழிகளை இறைச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுக்கவில்லை. காரணம், மதினி கொடுக்கவில்லை. அவருக்கும் காரணம் அதுதானோ என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

தங்கச்சி பின் தெருவில் உம்மாவோடு இருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அவள் ஆய்வு செய்தது ஒரு ஈஸ்ட்டை. பாடப்புத்தகத்தில் மதுவம் என்று நாங்கள் படித்த அந்தக் குடும்பத்தில் ஒன்று. பாண் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் நிறம் சிவப்பு. ஒரு நாள் சின்னக் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து என் குசினி மேசையில் வைத்தாள். உள்ளே பவளக் கலரில் ஒரு கலங்கல்.

"இது என்ன, சர்பத்தா?" என்று கேட்டேன்.

"சந்தையில அழுகிப் போற பழம் ராத்தா. வெடிச்ச வத்தகப்பழம், கறுத்த வாழப்பழம், நசிஞ்ச பப்பாசி. சாறு புழிஞ்சு, காய்ச்சி ஆற வெச்சி, இதப் போட்டா சீனியத் திண்டு பெருகும். பெருகிறதுக்கு நைதரசனும் வேணும். அது கொஞ்சந்தான் இரிக்கி, கெதியா முடிஞ்சிரும். சீனி இன்னும் கிடக்கு. அப்ப என்ன செய்யும் எண்டு நினைக்கிறீங்க?"

"சாகும்."

"இல்ல. திண்டு திண்டு எண்ணெயா உள்ளுக்க சேத்து வெக்கும். நல்லாச் சேத்துதெண்டா ஒடம்பில பாதி கொழுப்புத்தான்."

"அப்ப செவப்பு?"

"அது கரோட்டினொயிட். கரட்டில இரிக்கிற சாமான்ட சொந்தம். முட்டக் கருவுக்கு மஞ்சள் நிறம் வாறதும் அந்தக் குடும்பத்தாலதான். கோழி அத ஒடம்பில உண்டாக்காது. திண்டாத்தான் வரும்."

முதலில் அவள் அந்த எண்ணெயைப் பிரித்தெடுத்து டீசலுக்குப் பதிலாக ஆக்கலாம் என்றுதான் தொடங்கினாள். வரிசையில் நின்று களைத்த ஊரில் அந்தக் கதைக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஆனால் எண்ணெயைப் பிரிக்கும் செலவு டீசலைவிடக் கூட என்று அவளுடைய விரிவுரையாளர் கணக்குப் போட்டுக் காட்டினாராம். பிரிக்காமல் அப்படியே உலர்த்திக் கோழித்தீனில் கலந்தால் கொழுப்பும் நிறமும் ஒன்றாக உள்ளே போகும் என்று அவரே வழியும் சொன்னார். அப்படித்தான் எங்கள் கோழிகள் ஆய்வுக்குள் வந்தன.

தீன் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். குறுநல் அரிசி, தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மீன்தூள். சோளம் கிடையாது, ஏனென்றால் அதில் நிறம் இருக்கிறது. கீரை கிடையாது. கூட்டைத் திறந்துவிடக் கூடாது. "ஒரு முருங்க இலையக் கூடக் காட்டப்படாது," என்று தங்கச்சி கண்டிப்பாகச் சொன்னாள். மதினியின் தீனிலும் மற்றச் சிவப்பு வீடுகளின் தீனிலும் மட்டும் அந்தப் பவளத் தூளைக் கலந்து கொடுத்தாள்.

இரண்டு கிழமைக்குள் மதினி ஒரு கிண்ணத்தோடு என் குசினிக்குள் வந்தார்.

"மச்சி, இஞ்ச பாருகா!"

கிண்ணத்துக்குள் ஒரு முட்டை உடைத்து ஊற்றியிருந்தது. கரு கனிந்த பப்பாசியின் உட்சதை மாதிரி இருந்தது. அவ்வளவு செம்மஞ்சளை நான் முட்டையில் கண்டதில்லை. தோட்டமெல்லாம் மேய்கிற ஊர்க்கோழிக்குக் கூட அப்படி வராது.

"நல்லாரிக்கி மதினி," என்றேன்.

"ஒன்டயும் ஒண்ட ஒடைச்சிப் பாப்பமா?"

நான் உடைத்தேன். கரு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பாலில் இரண்டு சொட்டு மஞ்சள் தண்ணீர் விட்ட மாதிரி ஒரு நிறம். சோளமும் கீரையும் இல்லாத தீன் என் கோழிகளின் பழைய மஞ்சளையும் கழுவிவிட்டிருந்தது. மதினி கிண்ணத்தைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு போனார். அந்த மூடல் எனக்கு எரிந்தது.

அதன் பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சட்டி விளிம்பில் முட்டை தட்டும் சத்தம் கேட்டாலே என் கை வேலையை நிறுத்திவிடும். ஆண்டாண்டாக என்னிடம் முட்டை வாங்கிய ஓர் ஆசிரியை இருந்தார். ஒரு நாள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில், "ஏன் மகள், ஒங்கட கோழிக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். ஆய்வு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வருத்தப்பட்டு வழக்கமான அளவில் பாதி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை அவர் குடையை மதினியின் வாசலில் கண்டேன். நோன்பு காலம் வந்தது. வட்டிலப்பத்துக்கு முட்டை வேண்டியவர்கள் எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். மதினி தன் முட்டை முடிந்துவிட்டதென்று சிலரை என்னிடம் அனுப்பினார். அவர் அனுப்பி வந்தவர்களுக்கு முட்டை எண்ணிக் கொடுப்பதைப் போலக் கசந்த ஒரு வேலை எனக்கு வேறு இருந்ததில்லை.

என் கணவரும் அங்கேதான் முட்டை தின்றார். அவர் சொல்லவில்லை. தாடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நிறத்தை வைத்தே எந்த வீட்டு முட்டை என்று எனக்குத் தெரிந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு பல்கலைக்கழகத்தில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆய்வுகூடம் பூட்டப்பட்டது. தங்கச்சி தன் குடுவைகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முகம் செத்திருந்தது.

"தூள் முடியப் போகுது ராத்தா. இடையில விட்டா எல்லாம் பாழ். வீட்டிலதான் வளக்கணும். உம்மாக்கு இளைப்பு, அங்க ஏலா. ஒங்கட பின் அறையில செய்வமா?"

"மதினிட்டக் கேளு. அவட கோழிக்குத்தானே."

"மதினி செஞ்சா நாளுக்கொரு அளவு போடுவா. நீங்க சொன்னதச் சொன்ன மாதிரிச் செய்வீங்க."

இப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் சொந்த வீட்டில், என் சொந்தக் கையால், மதினியின் கோழிகளுக்குச் சிவப்பு வளர்க்கும் வேலை.

பெருநாளுக்குப் புரியாணி போடும் கிடாரத்தை இறக்கினோம். பின்னேரங்களில் சந்தைக்குப் போய்ப் பழக்கடைகளின் பின்னால் குவித்திருப்பதைச் சாக்கில் அள்ளி வந்தேன். முதல் நாள் முகத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு போனேன். பிறகு கடைக்காரர்களே எனக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். பழத்தை நசித்து, பிழிந்து, கிடாரத்தில் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டோம். மற்றக் கிருமிகள் அண்டாமலிருக்கத் தேசிக்காய்ப் புளி விட்டுத் தங்கச்சி ஒரு கடதாசிக் கீற்றை நனைத்து நிறத்தில் புளிப்பளவு பார்த்தாள். கொதிநீரில் கழுவிய நீலப் பிளாஸ்டிக் பரலில் சாற்றை ஊற்றி, அடுப்புச் சுவாலைக்கு அருகே குடுவையின் வாயைக் காட்டி, உள்ளிருந்ததைக் கவிழ்த்தாள். மீன்தொட்டிக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டரைப் பொருத்தினோம். அதுவும் மூச்சு விட வேண்டும் என்றாள். மின்சாரம் போகும் நேரங்களில் என் கணவர் தன் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினார். அவர் அந்தப் பின் அறையில் என்னோடு குந்தியிருந்து குமிழிகளைப் பார்த்த பொழுதுகள் எனக்குப் பிடித்திருந்தன. அப்போது அவர் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தார்.

முதலில் வெறும் பழத்தண்ணீர். பிறகு மெல்லிய ரோஸ். ஒரு காலையில் மூடியைத் திறந்தேன், பரல் முழுக்கப் பவளம். பாண் மாவும் பழமும் கலந்த ஒரு மணம். நான் எதையோ பெற்றவள் மாதிரி நின்றேன்.

தங்கச்சி வந்து பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள். "ராத்தா, கெம்பஸ்ல எனக்கு இந்த நிறம் ஒரு நாளும் வரல்ல."

வத்தகப்பழம் கூடியதாலா, காற்று நன்றாகப் போனதாலா, அவளுக்கும் தெரியவில்லை. எனக்குப் பெருமை தலைக்கேறியது. அந்தப் பெருமையோடேயே அடியில் படிந்ததைச் சீலையில் வடித்து, மெல்லிய சூடு காட்டி, வெளிச்சம் படாமல் தட்டுகளில் பரப்பி உலர்த்தினேன். வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும். உலர்ந்ததை இடித்துத் தூளாக்கி, டப்பாவில் போட்டு, வேலிக்கு மேலால் மதினியிடம் நீட்டினேன்.

என் கையில் ஒட்டியிருந்ததைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் என் கோழிகளிடம் போவேன். அவை என் விரல்களைக் கொத்தும். வெள்ளைத் தீனைப் போடுவேன். ஒரு நாள் டப்பாவின் மூடியில் கொஞ்சம் தூள் மிஞ்சியது. ஒரு சிட்டிகை. அதைத் தூக்கிக்கொண்டு கூட்டடி வரை போனேன். நெடுநேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து குசினித் தொட்டியில் கழுவி ஊற்றினேன். நான் நல்லவள் என்பதால் அல்ல. 'சொன்னதச் சொன்ன மாதிரிச் செய்வீங்க' என்று தங்கச்சி சொன்ன ஒன்றுதான் அந்தக் காலத்தில் மதினியிடம் இல்லாமல் என்னிடம் இருந்த பொருள். அதையும் இழக்க எனக்கு மனமில்லை.

மதினிக்கு என் முகம் தெரியாமலிருக்குமா? ஒரு நாள் டப்பாவை வாங்கும்போது வேலியோரம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மச்சி, நீயும் ஒரு புடி போடுகா. நீ பாடுபட்டுச் செய்ற சாமான். ஆருக்குத் தெரியப் போகுது?"

"வேணா மதினி. எங்கட கோழி வெள்ள முட்டதான் போடும். அது அதுகளுக்கு எழுதின நஸீபு."

"ஏன்கா இப்படிக் கதைக்கிற?"

நான் உள்ளே போனேன். தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறவர் கையை உயர்த்திக் கொடுத்தால் திட்டலாம். மதினி தாழ்த்திக் கொடுத்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒவ்வொரு கிழமையும் தங்கச்சி எல்லா வீட்டிலும் முட்டை எடுத்து உடைத்து, விசிறி மாதிரி விரிகிற ஒரு நிறச் சட்டத்தைக் கருவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். வெளிறிய மஞ்சளிலிருந்து கடும் செம்மஞ்சள் வரை அந்த விசிறியில் படிப்படியாக நிறம் இருக்கும். என் முட்டைக்கு அவள் முதல் இதழைத் தாண்டியதே இல்லை. அந்தக் கிழமை அவள் முதல் இதழை வைத்தாள், எடுத்தாள். அடுத்ததை வைத்தாள். அதற்கடுத்ததை வைத்தாள். இன்னொரு முட்டையை உடைத்தாள். அதுவும் அப்படியே. என் முட்டைக்கு நிறம் வந்திருந்தது. மதினியுடையது போல அல்ல. ஆனால் நல்ல மஞ்சள், விளிம்பில் ஒரு செம்மை.

நான் ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அதுதான் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

தங்கச்சி விசிறியை மடித்தாள். "ராத்தா, நீங்க போட்டீங்களா?"

"என்னத்த?"

"தூள."

"வல்லாஹி, நான் ஒரு துகள் போடல்ல."

"அப்ப எப்படி வாற? கீர போட்டாலும் இந்தச் செவப்பு வராது. பரல் ஒங்கட வீட்டிலதான் இரிக்கி."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "நீங்க கவலப்பட்டது எனக்குத் தெரியும். கேட்டிருந்தா முடிஞ்சதும் தந்திருப்பனே ராத்தா," என்று சொன்னாள். சொல்லிவிட்டு முட்டை ஓடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

என் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்புவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றியபடி, "மெய்யாவே போடல்லியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் பிறகு அவரோடு கதைக்கவில்லை. பொறாமைப்படுகிறவள் என்று பெயர் எடுத்தவளின் வீட்டில் எது காணாமல் போனாலும், எது நிறம் மாறினாலும் அவள்தான் செய்திருப்பாள். அதில் மிகக் கசந்தது, அவர்கள் என்னைப் பற்றி நினைத்ததில் பாதி உண்மை என்பது. நான் ஆசைப்பட்டேன். செய்யவில்லை. ஆசைப்பட்டதை எல்லாரும் கண்டிருந்தார்கள். செய்யாததைக் காண யாரும் இருக்கவில்லை.

ஆனாலும் பரலை நான் விடவில்லை. வைராக்கியத்தில் அடுத்த கிடாரத்தையும் அடுப்பில் ஏற்றினேன். சாறு கொதித்துக்கொண்டிருந்தபோது மதினி பின் வாசலால் வந்தார். வழக்கமாக மச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறவர் அன்று பேசாமல் வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"தங்கச்சி ஒன்னோட கோவமாமே. தம்பி சொன்னான்."

நான் அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"நான்தான்கா போட்டன்."

அகப்பை நின்றது.

"நீ சுபஹுத் தொழுதிட்டு ஓதிக்கிட்டிரிக்கிற நேரத்தில, தகரத்து ஓட்டையால ஒன்ட கூட்டுக்க ஒரு புடி. எங்கட கோழிட தீன்ல இருந்து எடுத்துத்தான். ஒன்ட மொகத்தப் பாக்க ஏலாமக் கிடந்திச்சி. நீ கஷ்டப்பட்டு வளத்து எனக்குத் தார. எனக்கு ஊரெல்லாம் நல்ல பேரு. நீ கேட்டா வேணாங்கிற. அதுதான் தெரியாமப் போடுவம் எண்டு..."

அவர் அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அந்த நேரத்தில் என் மனம் இளகியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இளகவில்லை. எனக்கு வந்தது கோபம். ஊரின் முட்டைக்காரி அவர். என் கணவரை வளர்த்தவர் அவர். என் தங்கச்சியின் சிவப்பு வீட்டுக்காரி அவர். இப்போது இரக்கமுள்ளவரும் அவர்தான். எனக்கு மிச்சமிருந்த ஒரேயொரு நல்ல பெயரையும் அந்த இரக்கத்தால் அழித்துவிட்டு, என் குசினியில் உட்கார்ந்து அழுகிறார். அவரைப் போல ஒரு நாளைக்காவது இருக்க முடியுமா என்ற ஏக்கமும், அவரை வாளியோடு தள்ளிவிட வேண்டும் என்ற வெறியும் எனக்கு ஒன்றாகவே வந்தன.

"போய்த் தங்கச்சிட்டச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னேன்.

"இப்பவே போறன்."

அவர் செருப்புக்கூடப் போடாமல் பின் தெருவுக்குப் போனார். சற்று நேரத்தில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். தங்கச்சி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"ராத்தா, நான் ஒங்களச் சந்தேகப்பட்டுட்டன்."

"ஓம்."

"மன்னிச்சிருங்க."

"சாறு அடிப்பிடிக்கும். கிண்டு," என்று அகப்பையை அவள் கையில் கொடுத்தேன். அவள் கிண்டினாள். மதினி விறகைத் தள்ளினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தக் கிடாரத்தைச் சுற்றி நின்றோம்.

தங்கச்சி தன் விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னாள். அவர் நெடுநேரம் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்த வீட்டுத் தரவு ஒன்றும் செல்லாது, நீக்க வேண்டும் என்றாராம். வேலைநிறுத்தம் முடிந்ததும் பல்கலைக்கழகப் பண்ணைக் கூட்டில் புதிதாகக் கோழிகளை வைத்து அவள் திரும்பத் தொடங்கினாள். அவளுக்கு அது நீண்ட தாமதம். அதற்காக அவள் எங்கள் இருவரில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. உம்மா மட்டும் சொன்னார். இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். மதினிக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்தது. நான் அதை மறக்கவில்லை.

என் வீடு ஆய்வில் இருந்து நீங்கியது. அன்றே கூட்டைத் திறந்துவிட்டேன். கோழிகள் வாசலில் கொட்டிக் கிடந்த முருங்கை இலையை அடித்துப் பிடித்துத் தின்றன. பிறகு என் பரலில் நானே வளர்த்த தூளை, என் கையாலேயே, என் கோழிகளுக்குக் கலந்து போட்டேன்.

நிறம் வந்தது. மதினியின் முட்டையைப் பார்த்த முதல் நாள் எந்தச் செம்மஞ்சளைக் கண்டு எரிந்தேனோ, அதுவே வந்தது. வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்து என் கணவரின் முன்னால் வைத்தேன். அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, "மாஷா அல்லாஹ்," என்றார். நான் காத்திருந்தேன்.

"அப்படியே தாத்தாட முட்ட மாதிரி," என்றார்.

தாத்தா என்று எங்கள் பக்கத்தில் அக்காவையும் சொல்வோம்; அவர் மதினியைக் கூப்பிடுவது அப்படித்தான். நான் தட்டை எடுக்கவில்லை. ஆனால் இரண்டாவது முட்டையைப் பொரிக்கவும் இல்லை.

தங்கச்சி பட்டம் முடித்து மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள். அவளுடைய கட்டுரையில் எங்கள் வீடு இல்லை, நீக்கிய வீடுதானே. பரல் எங்களிடம் தங்கிவிட்டது. இப்போது நானும் மதினியும் சேர்ந்துதான் வளர்க்கிறோம். தாய்க் குடுவையைத் தங்கச்சியின் பழைய ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை எங்களுக்காகப் புதுப்பித்துத் தருகிறாள். அளவு பார்ப்பது என் வேலை. மதினியை நான் அளவுக் கரண்டியைத் தொட விடுவதில்லை. பிழிவதும் வடிப்பதும் அவர். ஒரு வேலையை நான் செய்து முடித்துவிட்டால் அவர் அதே வேலையை இன்னொரு தரம் செய்வார். நானும் அப்படித்தான்.

போன வருடம் பக்கத்து ஊரான பாண்டிருப்பில் இருந்து ஒரு பெண் எங்களைத் தேடி வந்தாள். அலங்கார மீன் வளர்ப்பவள். மீனுக்கும் இந்தத் தூளால் நிறம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, எனக்கும் பழக்கித் தாறீங்களா?" என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்தோம். பிறகு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, ஒரு போத்தலில் சிவப்பும் கொடுத்து அனுப்பினோம்.

சில மாதம் கழித்து மதினி ஒரு கலியாணத்துக்குத் துணி எடுக்கப் போன வழியில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் அபாயாவைக்கூடக் கழற்றாமல் என் குசினியில் உட்கார்ந்தார். தேநீர் வைத்தேன். குடிக்கவில்லை.

"எப்படி மதினி அவட சாமான்?" என்று கேட்டேன்.

"நல்ல செவப்புகா."

"எங்கடய விடவா?"

மதினி தேநீரைக் கிண்டினார். சீனி எப்போதோ கரைந்துவிட்டது. "மீனெல்லாம் நெருப்பு மாதிரி ஓடுது," என்றார். "அவ என்ன போடுறாளோ தெரியா. பனம்பழமும் போடுறா போல."

"சொன்னாளா?"

"கேட்டன். சிரிக்கிறா."

மறுநாள் சந்தைக்கு வழக்கத்தைவிட நேரத்தோடு போனோம். வெயில் இன்னும் தாழவில்லை. பழக்கடைகளின் பின்னால், குவியலுக்குப் பக்கத்தில், பாண்டிருப்புக்காரி ஏற்கெனவே நின்றிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் நிறையச் சிரித்து, "வாங்க அக்கா," என்றாள். சொல்லிக்கொண்டே சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

மதினி என் முழங்கையைக் கிள்ளினார். நானும் அவரைக் கிள்ளினேன்.